நினைவு பதியும் கணத்தை மின்பதிவில் ஆராய்வது எப்படி

மூளையில் நினைவு பதிவதை மின்பதிவின் வழியே ஆராய விரும்புகிறவர் எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு சொல்லைப் பார்க்கும் கணத்தில் அது நினைவில் தங்குமா தங்காதா என்பது ஆய்வாளருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. சிறிது நேரமோ ஒரு நாளோ கழித்து அவர் அதை நினைவுகூரும்போதோ, நினைவுக்கு வராமல் திணறும்போதோதான், முன்பு பதிவான மின்னலைத் துண்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரியவருகிறது. பின்னர் நினைவுகூரப்பட்ட சொற்களுக்கான அலைகளை ஒரு பக்கமும் மறந்துபோன சொற்களுக்கான அலைகளை மறுபக்கமும் பிரித்து வைத்துக்கொண்டு, பார்த்த அந்தக் கணத்தில் இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு இருந்தது என்று கேட்பதே இத்துறையின் அடிப்படை முறை. 1980களில் வேரூன்றிய இந்த முறை இன்றும் அப்படியே இருக்கிறது, கருவிகள்தாம் மாறியிருக்கின்றன.

இதன் விளைவாக, ஆய்வின் தரத்தை முதலில் தீர்மானிப்பது மின்முனைகளின் எண்ணிக்கை அல்ல, நினைவுச் சோதனையின் தரம். ஊகத்தில் சொல்லப்பட்ட சரியான விடைகள் ‘நினைவிருந்தவை’ என்ற கூடைக்குள் கலந்துவிட்டால், 256 மின்முனைகள் கொண்ட கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இக்கட்டுரை சோதனை அமைப்புக்கு அதிக இடம் ஒதுக்குவதற்குக் காரணம் அதுதான்.

எங்கிருந்து பதிவு செய்வது

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாக 1924இல் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் தம் கண்டுபிடிப்பை 1929இல் வெளியிட்டார். ஜெர்மனியின் யேனா நகரில் அவர் தொடங்கிய இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) முறைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களின் கையில் இருக்கும் கருவி. அது தலையின் மேற்பரப்பில் சில பத்து மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்த மாற்றங்களை மில்லி விநாடி நுட்பத்தோடு காட்டும். அதன் குறை, எந்த இடத்திலிருந்து அந்த மின்னழுத்தம் வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லாததுதான்.

நினைவு ஆய்வில் இக்குறை சற்றுக் கடுமையாகவே உறுத்தும். 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக வில்லியம் ஸ்கோவில் செய்த அறுவை சிகிச்சையில் இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் நடந்த நிகழ்ச்சிகள் எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை என்பதை ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957இல் விவரித்தார்கள். நிகழ்ச்சிகளின் நினைவு உருவாவதற்கு இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த ஒருவரின் இழப்பு காட்டிக்கொடுத்தது. ஆனால் ஹிப்போகாம்பஸ் மூளையின் ஆழத்தில், சுருண்ட வடிவில் இருப்பதால், அதன் நியூரான்கள் எழுப்பும் மின்புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்கின்றன. தலைத்தோலை வந்தடைவது மிகவும் சொற்பம். எனவே தலைமேல் இ.இ.ஜி.யை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஹிப்போகாம்பஸில் இப்படி நடந்தது’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தக் கேள்விதான் முக்கியம் என்றால், சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளோடு பணிபுரியும் மருத்துவக் குழுவில் இணைய வேண்டும். புறணிப் பகுதி (மூளையின் மேலடுக்கு) முழுவதும் எந்த வேளையில், எந்த அலைவெண்ணில் மாறுகிறது என்பதுதான் கேள்வி என்றால் இ.இ.ஜி. போதுமானது, மலிவானது, ஆரோக்கியமானவர்களிடமே செய்யக்கூடியது. தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

நினைவுச் சோதனையை அமைத்தல்

ஒரு மாதிரி அமைப்பை விரிவாகப் பார்ப்போம். 240 பெயர்ச்சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் 2 விநாடி திரையில் காட்டுங்கள். இரண்டு சொற்களுக்கு இடையே 1 முதல் 1.5 விநாடி வரை மாறிமாறி வரும் இடைவெளி இருக்கட்டும். இடைவெளி ஒரே சீராக இருந்தால் அடுத்த சொல் வரும் நேரத்தைப் பங்கேற்பாளரின் மூளை கணித்து எதிர்பார்க்கத் தொடங்கிவிடும், அந்த எதிர்பார்ப்பின் அலை நீங்கள் தேடும் அலையோடு கலந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘இது உயிருள்ளதா, இல்லையா’ என்பது போன்ற எளிய தீர்மானம் ஒன்றைப் பொத்தானை அழுத்திச் சொல்லச் செய்யுங்கள். அது எல்லோரையும் சொல்லின் பொருளை நோக்கித் திருப்புவதோடு, அவர்கள் விழிப்புடன் இருந்தார்கள் என்பதற்கான சான்றையும் எதிர்வினை நேரத்தையும் தருகிறது.

பிறகு சில நிமிடங்கள் கணக்குப் போடவைத்து, அண்மையில் பார்த்தவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவிடாமல் செய்து, சோதனைக் கட்டத்துக்குச் செல்லுங்கள். பழைய 240 சொற்களோடு 120 புதிய சொற்களைக் கலந்து, ஒவ்வொன்றையும் முன்பே பார்த்ததா இல்லையா என்று கேளுங்கள். இங்கே வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ போதாது. ‘உறுதியாகப் பார்த்தேன்’ என்பதில் தொடங்கி ‘உறுதியாகப் பார்க்கவில்லை’ என்பது வரை ஆறு படிகள் கொண்ட அளவுகோலைத் தாருங்கள். நடுப்படிகளில் விழும் விடைகளில் ஊகம் மலிந்திருக்கும். உறுதியோடு சரியாகச் சொல்லப்பட்டவற்றை முழுதாக மறந்தவற்றோடு ஒப்பிடும்போதுதான் வேறுபாடு தெளிவாகத் துலங்கும்.

புதிய சொற்கள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எதைக் கேட்டாலும் ‘பார்த்தேன்’ என்று சொல்லும் பழக்கமுள்ளவர் பழைய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிடுவார். அவருடைய தவறான ‘பார்த்தேன்’களை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பழைய சொற்களில் 75 விழுக்காட்டையும் புதியவற்றில் 20 விழுக்காட்டையும் ‘பார்த்தேன்’ என்றவரின் பாகுபடுத்தும் திறன், அதாவது இரு விகிதங்களையும் இயல்நிலைப் பரவலின் அலகுகளாக மாற்றி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண், ஏறக்குறைய 1.5. அந்த எண் சுழியத்தை நெருங்குகிறவரின் இ.இ.ஜி.யில் நினைவைத் தேடிப் பயனில்லை. அத்தகையவரை விலக்குவதற்கான எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் குறித்துவிடுங்கள்.

சோதனை மிக எளிதாகவும் இருக்கக் கூடாது, மிகக் கடினமாகவும் இருக்கக் கூடாது. ஒருவர் 240இல் 225ஐ நினைவில் வைத்திருந்தால், மறந்தவை என்ற பிரிவில் எஞ்சுவது 15 துண்டுகள். அதிலும் கண் இமைப்பால் கெட்டவற்றை நீக்கிய பின் கிடைக்கும் சராசரி அலையை நம்ப இயலாது. ஒவ்வொரு பிரிவிலும் கெடாத துண்டுகள் குறைந்தது 30 இருக்க வேண்டும் என்ற வழக்கை ஒரு தரைமட்டமாகக் கொள்ளலாம். அலைவெண் பகுப்பாய்வுக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. முன்னோட்டச் சோதனையில் இந்த விகிதத்தைச் சரிசெய்துகொள்ளாமல் முதன்மைப் பதிவைத் தொடங்க வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. நினைவில் தங்கிய சொற்களும் தங்காத சொற்களும் பல வழிகளில் வேறுபட்டிருக்கும். கண்முன் உருவம் தோன்றும் சொல் எளிதில் தங்கும். பட்டியலின் தொடக்கத்தில் வந்த சொல் நன்றாகத் தங்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றிய வேளையில் வந்த சொல் தங்காது. நீங்கள் காணும் அலைவேறுபாடு நினைவின் அடையாளமா, அல்லது உருவம், வரிசை, சோர்வு ஆகியவற்றின் அடையாளமா? சொற்களின் நீளம், வழக்கிலுள்ள அளவு, உருவத்தன்மை ஆகியவற்றைப் பட்டியல்களுக்கிடையே சமன்செய்யுங்கள். ஒருவருக்குப் பழையதாக இருந்த சொற்கள் மற்றொருவருக்குப் புதியவையாக வரும்படி மாற்றிப் போடுங்கள். பகுப்பாய்வில் வரிசை எண்ணையும் எதிர்வினை நேரத்தையும் மாறிகளாகச் சேருங்கள். கவனத்தை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது உண்மைதான். கவனம் நினைவுக்கு வாயிலாக இருப்பதால், அப்படிப் பிரித்தெடுக்க முயல்வதே பொருத்தமா என்பதும் விவாதத்துக்குரியது. ஆனால் அந்த இரண்டும் கலந்திருப்பதை அறிந்து எழுதுவது ஆய்வாளரின் கடமை.

பதிவறையில்

மின்முனைகள் பதித்த தொப்பியைப் பொருத்தும் வேலையில் அவசரப்பட வேண்டாம். மின்முனைகளின் இடங்களை 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த 10–20 முறை தீர்மானிக்கிறது: மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரிப் புடைப்பு வரையிலான தொலைவை நாடாவால் அளந்து, அதில் பத்து, இருபது விழுக்காடுகளாகப் பிரிப்பது. தொப்பி ஒரு சென்டிமீட்டர் நழுவினாலும் எல்லா மின்முனைகளும் சேர்ந்து நழுவுகின்றன. தோலை மெதுவாகத் தேய்த்துச் சுத்தம் செய்து மின்கடத்தும் கூழ் வைத்தால் மின்மறுப்பு, அதாவது தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான தடை, 5 முதல் 10 கிலோ ஓம்முக்குள் வரும். உள்ளேயே பெருக்கி கொண்ட மின்முனைகளில் அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை.

பதிவு சரியாக வருகிறதா என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பங்கேற்பாளரைக் கண்களை மூடி ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பிடரிப் பக்கத்து மின்முனைகளில் விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை ஏறி இறங்கும் சீரான அலை எழும். கண்களைத் திறந்ததும் அது தணிந்துவிடும். பெர்கர் கண்ட அதே ஆல்ஃபா அலைதான் இது. சிலருக்கு இது இயல்பாகவே மங்கலாக இருக்கும். ஆனால் எவரிடமும் தெரியவில்லை என்றால் கருவியையோ இணைப்பையோ சந்தேகியுங்கள். அடுத்து இரண்டு முறை இமைக்கச் சொல்லுங்கள்: நெற்றி மின்முனைகளில் நூறு மைக்ரோவோல்ட்டையும் தாண்டிய மேடுகள் எழுந்து, பின்தலையை நோக்கிப் போகப்போகச் சிறுத்து மறையும். பல்லைக் கடிக்கச் சொன்னால் காதுப்பக்க மின்முனைகள் அடர்ந்த மயிர்க்கற்றை போலக் கறுத்துவிடும். பங்கேற்பாளரிடம் இவற்றைத் திரையிலேயே காட்டிவிட்டால், தாடையைத் தளர்த்தி உட்கார வேண்டியதன் காரணம் அவருக்கு விளங்கிவிடும். வெறும் அறிவுரையைவிட இது நன்றாகப் பலனளிக்கும்.

மாதிரி வீதம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது, 1000 ஹெர்ட்ஸ் இருந்தால் தாராளம். சொல் தோன்றிய கணத்தைக் கணினி அனுப்பும் குறியை மட்டும் நம்பாமல், திரையின் மூலையில் ஓர் ஒளியுணரியை ஒட்டி உண்மையான நேரத்தை அளந்துகொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ள 16.7 மில்லி விநாடி எடுக்கிறது. மென்பொருளின் தாமதம் அதோடு சேர்ந்தால், குறுகிய நேர விளைவுகள் கலங்கிப்போகும்.

தரவைச் சுத்தம் செய்தல்

இந்தக் கட்டத்தில் இரண்டு விதிகள் போதும். முதலாவது, மென்மையாக வடிகட்டுங்கள். நினைவோடு தொடர்புடைய மெதுவான அலைகளை, 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் வடிகட்டி உருக்குலைத்துவிடும், அவற்றுக்கு 0.1 ஹெர்ட்ஸ் போதும். கண்ணசைவைப் பிரித்தெடுக்கும் சுயேச்சைக் கூறு பகுப்பாய்வு மட்டும் 1 ஹெர்ட்ஸ் வடிகட்டலில் நன்றாக இயங்கும் என்பதால், தரவின் நகல் ஒன்றில் அதைச் செய்து, கிடைத்த எடைகளை மூலத் தரவுக்கு மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம். இரண்டாவது விதி இதைவிட முக்கியமானது: எந்தத் துண்டைத் தூக்கி எறிவது என்று முடிவெடுக்கும்போது, அது நினைவிருந்த சொல்லுக்கு உரியதா, மறந்த சொல்லுக்கு உரியதா என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. அந்தக் குறிகளைக் கோப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். இஇஜிலேப், ஃபீல்ட்டிரிப், எம்என்இ-பைத்தான் ஆகிய இலவச மென்பொருள்கள் மூன்றிலும் இவை அனைத்தையும் செய்ய முடியும்.

அலைகளைப் படித்தல்

முதலில் எளிய சராசரியைப் பாருங்கள். சொல் தோன்றியபின் ஏறக்குறைய 400 முதல் 800 மில்லி விநாடி வரை, பின்னர் நினைவுகூரப்பட்ட சொற்களுக்கான அலை நேர்மின் பக்கம் உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன; கென் பாலர், மார்த்தா குட்டாஸ், ஆண்ட்ரூ மேய்ஸ் ஆகியோர் 1987இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. உங்கள் தரவிலும் இது தென்பட்டால் அடுத்த கட்டத்துக்குத் துணிவோடு செல்லலாம்.

அடுத்தது அலைவெண் பகுப்பாய்வு. 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான தீட்டா, 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா, அதற்கு மேல் பீட்டா, 30க்கு மேல் காமா என்று பிரித்து, ஒவ்வொன்றின் ஆற்றல் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. இங்கே ஒரு சிறு கணக்கை மறக்க வேண்டாம். 4 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 250 மில்லி விநாடி ஆகிறது. ஐந்து சுழற்சி கொண்ட சிற்றலையால் (அலைவெண்ணை அளக்கப் பயன்படும் குறுகிய மாதிரி அலை) அளந்தால் ஒவ்வொரு மதிப்பும் 1.25 விநாடி நீளத்தின் சாரம். ஆகவே தீட்டா ஆற்றல் 200 மில்லி விநாடியில் கூடியது என்று எழுதுவது அளவின் நுட்பத்தை மீறிய கூற்று. துண்டின் இருபுறமும் ஒரு விநாடிக்கு மேல் கூடுதலாக வெட்டிக்கொண்டால்தான் துண்டின் ஓரங்களில் எழும் கணக்கீட்டுப் பிழையான விளிம்புக் கோளாறு உள்ளே வராது.

தீட்டா கூடினால் நினைவு பதியும் என்று பாடநூல் போலச் சொல்லிவிடும் கட்டுரைகளைச் சற்று ஐயத்தோடு படியுங்கள். 2003இல் பெர் செடர்பெர்க், மைக்கேல் கஹானா முதலானோர் மூளைக்குள் பதிவு செய்து, பின்னர் நினைவுகூரப்பட்ட சொற்களின்போது தீட்டாவும் காமாவும் கூடுவதைக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த பல பதிவுகளில் உயர் அலைவெண் ஆற்றல் கூடுவதும், தீட்டா உள்ளிட்ட தாழ் அலைவெண் ஆற்றல் குறைவதும் தெரியவந்தது. ஆல்ஃபா, பீட்டா குறைவதும் திரும்பத் திரும்பக் காணப்படும் விளைவுதான். தாழ்ந்ததும் உயர்ந்ததும் சேர்ந்து மாறும்போது, நாம் பார்ப்பது தனித்தனி அலைகளையா, அல்லது முழு நிறமாலையின் சாய்வு (அலைவெண் உயர உயர ஆற்றல் குறையும் பொதுவான போக்கு) மாறுவதையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாய்வைத் தனியாகப் பொருத்தி நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டை அளப்பது இன்றைய நல்ல வழக்கம்.

தலைமேல் இ.இ.ஜி.யில் காமா தென்பட்டால் உடனே மகிழ வேண்டாம். கண் கடுகளவு துள்ளும் ஒவ்வொரு முறையும் கண்தசைகளிலிருந்து எழும் கூர்முனை அகன்ற காமா அலையைப் போலவே தோற்றமளிக்கும் என்பது 2008இல் ஷ்லோமித் யுவல்-கிரீன்பெர்க் முதலானோரின் ஆய்வால் நிறுவப்பட்டது. கண்ணசைவுப் பதிவு இல்லாத காமா முடிவை நான் ஏற்பதில்லை.

அடிக்கோடு என்ற வழக்கமான கழித்தலும் இங்கே ஒரு பொறி. சொல் தோன்றும் முன்பான அரை விநாடியைச் சுழியமாகக் கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அளப்பதே வழக்கம். ஆனால் சொல் வருவதற்கு முன்பே மூளையின் நிலை பின்னர் நினைவு பதியுமா என்பதை ஓரளவு முன்னறிவிக்கிறது என்று 2006இல் லூன் ஓட்டனும் மைக்கேல் ரக்கும் உடன்பணியாளர்களும் காட்டினார்கள். அப்படியானால் அந்த முன்நிலையைக் கழிப்பது, விளைவின் ஒரு பகுதியை நீக்கிவிடுவதாகவோ, இல்லாத வேறுபாட்டைப் பிற்பகுதிக்குத் தள்ளுவதாகவோ முடியலாம். அமர்வு முழுவதன் சராசரியை அடிக்கோடாகக் கொண்டு, சொல்லுக்கு முந்திய பகுதியையும் படத்தில் காட்டுங்கள்.

மின்முனைகள், நேரப்புள்ளிகள், அலைவெண்கள் என்று ஆயிரக்கணக்கான ஒப்பீடுகள் இருப்பதால், தற்செயலாகவே சில ‘சிறப்பான’ முடிவுகள் கிடைத்துவிடும். நினைவுக் குறிகளைக் கலைத்துப் போட்டு அதே கணக்கை ஆயிரம் முறை செய்து, உண்மையான கொத்து (அடுத்தடுத்த மின்முனைகளிலும் நேரங்களிலும் சேர்ந்தெழும் வேறுபாடு) அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைவிடப் பெரியதா என்று பார்க்கும் முறையை எரிக் மாரிஸும் ராபர்ட் ஊஸ்டென்வெல்டும் 2007இல் விளக்கினார்கள், அதையே பயன்படுத்துங்கள். இயந்திரக் கற்றலால் தனிச் சொல்லின் நினைவைக் கணிக்க முயல்வதானால், பயிற்சிக்கும் சோதனைக்கும் சொற்களைக் கலந்து எடுக்காமல் ஒரு முழு அமர்வையோ பட்டியலையோ ஒதுக்கி வையுங்கள். அடுத்தடுத்து வந்த சொற்கள் ஒரே மனநிலையையும் ஒரே மின்முனை நகர்வையும் பகிர்ந்துகொள்வதால், கலந்து எடுத்தால் கணிப்பு பொய்யாக உயரும்.

மூளைக்குள் பதிவு செய்யும் வாய்ப்பு கிடைத்தால்

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளில் சிலருக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறிய மருத்துவர்கள் மூளைக்குள் மின்முனைகளை வைத்துச் சில நாட்கள் கண்காணிப்பார்கள். எங்கே வைப்பது என்பது சிகிச்சையின் தேவையைப் பொறுத்தது. ஆய்வுக்காக ஒரு மின்முனையைக்கூட நகர்த்தக் கூடாது. அந்த நாட்களில் நோயாளி ஒப்புக்கொண்டால், படுக்கையருகே மடிக்கணினியை வைத்து அதே சொற்பட்டியலைக் காட்டலாம். 1999இல் கில்லென் ஃபெர்னாண்டஸும் குழுவினரும் இவ்வாறு பதிவு செய்து, நினைவில் தங்கும் சொல்லுக்கு முதலில் ஹிப்போகாம்பஸை ஒட்டிய புறணியிலும், அதன்பின் ஏறக்குறைய 200 மில்லி விநாடி கழித்து ஹிப்போகாம்பஸிலும் வேறுபாடு எழுவதைக் கண்டார்கள். தலைமேல் பதிவால் எட்ட முடியாத வரிசை அது.

மின்முனையின் நுனியில் 40 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நுண்கம்பிகள் இருந்தால் தனி நியூரான்களின் துடிப்பையே கேட்கலாம். அதற்கு விநாடிக்கு 30,000 மாதிரிகள் அளவில் பதிவு தேவை. ஒரே மனிதரின் பல்வேறு படங்களுக்கும் எழுதப்பட்ட பெயருக்கும் மட்டும் துடிக்கும் நியூரான்களை ரொட்ரிகோ கியான் கிரோகா, இட்சாக் ஃபிரைட் முதலானோர் 2005இல் வெளிப்படுத்தியது இம்முறையால்தான்.

இத்தகைய தரவில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வலிப்பு தொடங்கும் இடத்து மின்முனைகளையும், வலிப்புக்கு இடையே தெறிக்கும் கூர்முனைகள் கொண்ட துண்டுகளையும் நீக்குங்கள். வலிப்பு வந்த பின் பல மணி நேரம் பதிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்த மின்முனைகளின் வேறுபாட்டை எடுப்பது, தொலைவிலிருந்து வரும் பொதுவான மின்னழுத்தத்தை நீக்கும். இருபது நோயாளிகளில் இரண்டாயிரம் மின்முனைகள் இருந்தாலும், முடிவைப் பொதுமைப்படுத்தும்போது உங்கள் எண்ணிக்கை இருபதுதான். ஒப்புதல் பெறுகிறவர் சிகிச்சை தரும் மருத்துவராக இருக்கக் கூடாது; மறுத்தால் சிகிச்சை குறையுமோ என்ற அச்சம் நோயாளிக்கு எள்ளளவும் வரக் கூடாது. களைப்பு தெரிந்தால், பட்டியல் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

தரவைப் பகிரும் முன் பெயர், தேதி ஆகியவற்றோடு, மூளைப் படங்களில் முகம் தெரியும் பகுதியையும் மென்பொருளால் அழித்துவிடுங்கள். முப்பரிமாணப் படத்திலிருந்து முகத்தை மீட்டுருவாக்க முடியும் என்பதால் இது விருப்பத்துக்கு விடக்கூடிய வேலை அல்ல. மின்பதிவோடு ஒவ்வொரு சொல்லின் வரிசை, விடை, உறுதியின் படி, எதிர்வினை நேரம் அடங்கிய கோப்பையும், எந்தத் துண்டுகள் எந்த விதியின்படி நீக்கப்பட்டன என்ற குறிப்பையும் சேர்த்தே வையுங்கள்.